நேரலையில் போன சாட்சியம்

கஞ்சரபாலெம், விசாகப்பட்டினம்
12 செப்டம்பர் 2022

அன்னய்யா கிருபாவரத்துக்கு உன் தம்பி சுவார்த்தராஜு எழுதுவது.

உனக்கு இப்போது படிக்கத் தெரியும் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஆகவே இதை நீயே படி. உங்கள் பாஸ்டர் அய்யகாருவிடம் கொடுக்காதே. அவர் மனைவியிடமும் கொடுக்காதே. எத்தனை நாள் ஆனாலும் நீயே எழுத்துக்கூட்டிப் படி.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து உன் முகத்தை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? தயிர்க் கடையில். கடைக்கார அப்பலநாயுடு தன் போனை என் பக்கம் திருப்பினார். "ராஜுகாரு, உங்க ரேபல்லெப் பக்கத்துச் சர்ச்சுதான் போல. ஒரு பெரியவர் நின்னு அழுவுறாரு பாருங்க. எங்க வீட்டம்மா நேத்துலேருந்து இதயே பாத்துப் பாத்து மூக்கச் சிந்துது" என்றார்.

பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. பல் இரண்டு இல்லை. ஆனால் அழும்போது கழுத்தை ஒரு பக்கம் சாய்க்கிறாய் அல்லவா, அதை வைத்துக் கண்டுகொண்டேன்.

1990இல் மார்பு நோய் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து நான் உனக்கு எழுதினேன். இரத்தம் துப்புகிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா என்று எழுதினேன். நீ வரவில்லை. அம்மாவும் வரவில்லை. ஏன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அதுவும் தயிர்க் கடையில். உனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, 'ராஜு நன்றாக இருக்கிறான், வேலை கிடைத்துவிட்டதாம், தேட வேண்டாமாம்' என்று அம்மாவிடம் நீயாகவே படித்துக் காட்டினாய். இந்த வருஷம் எழுத்துக் கற்றபின் அதே கடிதத்தை எடுத்துப் பார்த்தாய். பிறகு சபையில் எழுந்து நின்று சாட்சியம் சொன்னாய். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

எனக்குச் சொன்னாயா?

அப்பலநாயுடுவுக்குத் தெரிந்தபிறகு எனக்குத் தெரிகிறது. பின்னணியில் வயலின் வேறு வாசித்திருக்கிறார்கள். நான் இரத்தம் துப்பியதற்கு வயலின்.

இரண்டு காரியம் கேட்கிறேன். முதலாவது, அந்த வீடியோவை எடுத்துப் போடச் சொல். இரண்டாவது, நீ அப்படிப் படித்துக் காட்டியபோது அம்மா என்ன சொன்னாள்? வீடியோவில் "அம்மாகிட்டப் பொய் படிச்சேன்" என்கிறாய், உடனே அழுகிறாய், உடனே அல்லேலூயா. நடுவில் அம்மா என்ன சொன்னாள் என்பது இல்லை. அவள் கேட்டுவிட்டும் வராமல் இருந்தாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். எனக்கு அது தெரிய வேண்டும்.

சுவார்த்தராஜு


வெலகபாலெம்
27 செப்டம்பர் 2022

அன்புள்ள தம்பி ராஜுவுக்கு அண்ணன் கிருபாவரம் எழுதுவது. வந்தனாலு.

உன் பெயரை என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ராஜு. நன்றாக வந்திருக்கிறது.

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "படிச்சுக் காட்டவா தாத்தா?" என்றார். "வேணாம், எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். அன்றைக்கு 1990இலும் இதையேதான் சொன்னேன். இந்தத் தடவை அது பொய் இல்லை. மூன்று நாள் படித்தேன். முதல் நாள் தயிர்க் கடை வரைக்கும் வந்தேன். என் கழுத்து சாய்வதைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை உன் அண்ணி மார்த்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆமா, அழும்போது கொக்கு மாதிரிதான்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ என்னைத் திட்டி எழுதியிருக்கிறாய், அது எனக்குப் புரிகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

சாட்சியம் சொன்ன கதையைச் சொல்கிறேன். நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சிய ஞாயிறு. உனக்கு நினைவிருக்கும். யார் என்ன சொன்னாலும் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. குடித்தவனும் சொல்வான், அடித்தவளும் சொல்வாள். மறுநாள் மிளகாய்க் காட்டில் யாராவது அதைச் சொல்லிக் குத்திக்காட்டினால், ஒரு மாதம் கடைசிப் பாயில் உட்கார வேண்டும். அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

கொரோனா வந்து சபையைப் பூட்டியபோது ஜோயல் அய்யகாரு ஒரு மூன்று கால் கம்பியில் கேமராவை நிறுத்தி நேரலை தொடங்கினார். அது நல்ல காரியம்தான். நம் ஊர்ப் பெண்கள் இருபது பேர் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார்கள். அவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள், ஜெபித்தார்கள். பூட்டு திறந்த பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது. அதில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். எரிந்தால் குவைத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்தக் கேமராவையும் பாயில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் என்று எண்ணிவிட்டேன். அதற்கு வாசல் இல்லை என்று எனக்குத் தெரியாது.

உனக்கு முதலில் சொல்லவில்லை என்று கேட்கிறாய். உன் விலாசம் எனக்குத் தெரியாது, ராஜு. பழைய கடிதத்தில் வார்டு எண்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு அம்மகாரு, அதாவது அய்யகாருவின் மனைவி, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டது.

அய்யகாருவிடம் போனேன்.

"அய்யகாரு, என் சாட்சியத்த அதுலேருந்து எடுத்துடுங்க."

"ஏன் தாத்தா? நாப்பதாயிரம் பேரு பாத்திருக்காங்க. ஒரு சகோதரி பதினஞ்சு வருஷமாப் பேசாத அக்காவுக்குப் போன் பண்ணிருக்காங்க. உங்களாலதான். எரியிற விளக்க யாராச்சும் கூடை போட்டு மூடுவாங்களா?"

"விளக்கு சரி. ஆனா அந்தச் சூடு என் தம்பிக்குப் படுதாம்."

"தம்பியா! தம்பி கிடைச்சுட்டாரா?"

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்கும் மலர்ந்துவிட்டது. கடிதத்தைக் காட்டவில்லை. நீ எழுதிய தயிர்க் கடையையும் உன் தெருவையும் மட்டும் சொன்னேன். எடுப்பது பற்றி ஜெபித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். பென்சில் முனை தேய்ந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

கிருபாவரம்


விசாகப்பட்டினம்
6 அக்டோபர் 2022

அன்னய்யா,

பென்சில் முனை தேய்ந்தால் அரிவாளால் சீவு.

ஜெபித்துச் சொல்கிறாராம். போடும்போது ஜெபித்தாரா? பொத்தானை அமுக்க ஒரு விரல், எடுக்க ஒரு மாத உபவாசமா?

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உன் சாட்சியத்தை ஒரு நிமிஷமாக வெட்டி வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். அதில் நீ அழுகிறாய், மழை பெய்கிறது, பிறகு ஒரு கிழவியின் படம் வருகிறது. வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, கையில் கடிதம், கன்னத்தில் கண்ணீர். அந்தப் படத்தின் மேல் 'தாய்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் அன்னய்யா அது? நம் அம்மா வெள்ளை உடுத்தியதே இல்லை. இரண்டு மூக்கிலும் மூக்குத்தி போட்டிருப்பாள். நெற்றியில் மாடு முட்டிய தழும்பு இருக்கும். எங்கள் தெருவே இப்போது யாரோ ஒருத்தியைப் பார்த்து என் அம்மா என்று அழுகிறது. நான் நின்று, "இது எங்க அம்மா இல்லீங்க" என்று வீடு வீடாகச் சொல்ல முடியுமா?

வீட்டு நிலவரம் கேள். பத்மாவைக் கல்யாணம் செய்யும்போது எனக்கு யாரும் இல்லை, நான் அநாதை என்று சொல்லித்தான் செய்தேன். அன்று எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. எழுதியும் வராதவர்கள் இல்லாதவர்கள்தானே. பிறகு ரயிலில் பார்த்த நம் ஊர்க்காரன் ஒருவன் சொல்லித்தான் அம்மா போய்ச் சேர்ந்தது தெரிந்தது. பத்மாவிடம் அதையும் சொல்லவில்லை. அநாதைக்கு ஏது அம்மா? தனியாகப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "முப்பது வருஷம் அநாதைக்குச் சோறு போடுறோம், புண்ணியம் வரும்னு நெனச்சேன். அண்ணன், அண்ணி, ஊரு, சபை எல்லாம் குத்துக்கல்லு மாதிரி இருக்குதாமே! புண்ணியமும் போச்சு, சோறும் போச்சு." மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை. இதைச் சொல்வதற்கு மட்டும் பேசினாள்.

உன்மேல் எனக்குப் பழைய கோபமும் இருக்கிறது, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நிலக்காரர் காப்புவிடம் வருஷப் பண்ணையாளாக இருந்ததைப் பாதியில் விட்டு வந்ததற்கு, களத்தில் எல்லார் முன்னிலையிலும் எருமைக் கயிற்றால் அடித்தாய். அப்போதும் ஊர் பார்த்தது. உனக்கு எல்லாமே ஊர் பார்க்கத்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

அம்மா என்ன சொன்னாள்?

சுவார்த்தராஜு


வெலகபாலெம்
22 அக்டோபர் 2022

தம்பி ராஜுவுக்கு,

கயிற்றால் அடித்தது உண்மை. நீ விட்டுப்போன ஏழு மாதத்தைக் காப்புவின் காட்டில் நான்தான் உழைத்துக் கழித்தேன் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வரியில் எழுத நினைத்தேன். நீளமாகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தில் நம் அம்மாவைப் பற்றிய பகுதியை மட்டும் அம்மகாருவுக்குப் படித்துக் காட்டினேன். யாரிடமும் கொடுக்காதே என்றுதானே சொன்னாய், கொடுக்கவில்லை. மூக்குத்தி, தழும்பு என்று படித்ததும் அவர் அப்படியே எழுந்து உள்ளே போனார். உள்ளே சத்தம் கேட்டது.

"ஒரு மனுசன் தன் அம்மா மூஞ்சி இது இல்லங்கறாரு. நீங்க எண்ணிக்கை பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

"அந்தப் படம் நான் போட்டதா? எவனோ போட்டதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க கதவத் தெறந்து வச்சதாலதான எவனோ வந்தான்?"

அன்று சாயங்காலமே அய்யகாரு நம் சபைப் பக்கத்திலிருந்து முழு வீடியோவையும் எடுத்துவிட்டார். அம்மகாரு பக்கத்தில் நின்று எடுக்க வைத்தார். நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு மிகவும் சந்தோஷம். உனக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். ஆனால் வெட்டிப்போட்ட துண்டு மற்றவர்களிடம் இருக்கிறதே, அதற்கு என்ன வழி என்று மார்த்தம்மா கேட்டாள். பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பப் போனேன்.

துண்டை வைத்திருப்பவர்கள் நான்கு பேர். ஒருவர் ராஜமண்ட்ரியில் இருக்கும் தைவஜனர், பெரிய பிரசங்கியார். ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, பெயருக்குப் பதில் புறாப் படம் இருக்கிறது. எல்லாருக்கும் அய்யகாரு போனில் எழுதினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இது என் சாட்சியம், இதை எடுத்துவிடுங்கள், என் தம்பி வருத்தப்படுகிறான் என்று எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ராஜமண்ட்ரிக்காரர், 'ஆமென் சகோதரா' என்று பதில் போட்டார். புறாக்காரரிடமிருந்து கும்பிடும் கை ஒன்று வந்தது. கையை வைத்து என்ன செய்வது? மற்ற இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கு பேர் ஏழு பேராகிவிட்டார்கள். ஒருவர் மழையை எடுத்துவிட்டு மின்னல் போட்டிருக்கிறார்.

களத்தில் மிளகாய் குத்தும்போது காற்றடித்த மாதிரி இருக்கிறது. யார் கண்ணில் போய் விழும் என்று குத்தியவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் குத்தியவன் நான்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பெரிய எழுத்துகளாக வருகின்றன. இன்னும் கொஞ்சம் நாள் கொடு.

கிருபாவரம்


விசாகப்பட்டினம்
9 நவம்பர் 2022

கிருபாவரத்துக்கு,

நேற்று உங்கள் ஜோயல் அய்யகாரு எனக்குப் போன் செய்தார். என் எண்ணைத் தயிர்க் கடையில் வாங்கினாராம். நீதானே கடையைச் சொல்லிக்கொடுத்தாய்.

"ராஜுகாரு, வந்தனாலு! கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீங்க வரணும். மேடையில உங்க அண்ணன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நான் ஜெபிச்சதும் ரெண்டு பேரும் நடந்து வந்து கட்டிக்கணும். அவ்வளவுதான். பேச வேண்டியது கூட இல்ல. உலகமே காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அப்பலநாயுடு ஓடி வருகிறார், போனில் வந்த போஸ்டரோடு. உன் படம், என் படம், நடுவில் சிலுவை. 'முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அண்ணனும் தம்பியும். நேரலையில் காணத் தவறாதீர்கள்.' என் படம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? என் மகன் தன் கல்யாணத்தில் எடுத்துப் போனில் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற பத்மாவை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவள் தோள் மட்டும் இருக்கிறது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "இப்ப நான் அநாதையா?" என்றாள்.

வீடியோவை எடுத்துவிட்டதாக எழுதினாயே, இதற்காகத்தானா? பழையதை எடுத்தால்தானே புதியதற்கு ஆள் சேரும்? என்னை நல்லபடியாக விற்றுவிட்டாய். அம்மா என்ன சொன்னாள் என்பதற்கும் ஒரு போஸ்டர் தயாராகிறதா? அதனால்தான் எனக்கு எழுதாமல் வைத்திருக்கிறாயா?

நான் வரமாட்டேன். நீயும் இனி எழுத வேண்டாம்.

சுவார்த்தராஜு


வெலகபாலெம்
28 நவம்பர் 2022

ராஜு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதைப் படிக்காமல் கிழித்துவிடாதே, பதினொரு நாள் எழுதியது.

போஸ்டர் போடப்போவது எனக்குத் தெரியாது. அது சபைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டிய அன்றே பார்த்தேன். என் படத்தைப் பார்த்ததும் முதலில் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர். யாரோ தைவஜனர் என்று நினைத்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், நல்ல படம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'தம்பியும்' என்ற இடத்தில் திரும்ப உன் படத்தைப் பார்த்தேன். என் தம்பியின் இப்போதைய முகத்தைச் சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீ தயிர்க் கடையில் என்ன பட்டாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்துவிட்டது என்று இத்தனை கடிதத்தில் எழுதினேனே, அப்போதெல்லாம் புரியவில்லை.

கிழித்துவிட்டேன். நான் சபையின் மூப்பன், பெரியவர்களில் ஒருவன். மூப்பனே சுவரில் ஒட்டியதைக் கிழிப்பது இதுவரை நடந்ததில்லை. அய்யகாரு ஓடி வந்தார்.

"தாத்தா! என்ன காரியம் பண்றீங்க?"

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? கர்த்தர் செய்யிற காரியம். இதப் பாத்து எத்தன குடும்பம் ஒண்ணு சேரும் தெரியுமா?"

"எங்க குடும்பம் இதால ரெண்டாப் போகுதே அய்யகாரு. அத யாரு பாப்பாங்க?"

"உங்க தம்பி முதல்ல கோவப்படுவாரு, வந்தாருன்னா கரைஞ்சிடுவாரு. கேமரா முன்னால யாரும் சண்டை போட மாட்டாங்க தாத்தா. அனுபவத்துல சொல்றேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். அவன் எங்கூட சண்டை போடணும். முப்பத்திரண்டு வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கு. உங்க கேமரா நடுவுல வந்தா அவன் எப்படிப் போடுவான்?"

அவர் குனிந்து கிழிந்த தாளைப் பொறுக்கினார். கெட்டவர் இல்லை, ராஜு. கொரோனாவில் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது அவருக்கு. போஸ்டர் போனில் போனது போனதுதானாம், அறிவித்ததைத் திரும்ப எடுத்தால் சபைக்கு வெட்கமாம். மேடையில் நமக்கு நாற்காலி போடுவாராம், நீ வந்தால் கர்த்தரின் சித்தமாம். எனக்குத் தலை வலித்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இதை நான் சபையில் சொல்லவில்லை. மார்த்தம்மாவுக்கும் சொன்னதில்லை. நீ ஒருவன் படிக்க எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது அம்மா வாசலில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். உன் கடிதம் என்றதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அப்போதே நான் மூப்பன். ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்து, மனப்பாடமாகப் பாடி, எல்லாரையும் நம்ப வைத்திருந்தவன். உன்னை அடித்து அனுப்பியதற்கு நீ என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அந்தத் திட்டை அடுத்தவன் வாயால் கேட்க மனமில்லை. அதனால் தாளைப் பிடித்துக்கொண்டு நானே படித்தேன். "அம்மா, நான் நல்லா இருக்கேன். துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. என்னத் தேட வேணாம்."

அம்மா தாளைப் பார்த்தாள். "இம்மாம் எழுத்துல இவ்வளவுதான் இருக்கா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"இன்னொரு தடவ படி."

மறுபடி படித்தேன். முதல் தடவை துறைமுகம் என்றவன், இரண்டாம் தடவை சணல் மில் என்றுவிட்டேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அதுக்குள்ள வேலை மாறிடுச்சா?" என்றாள். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் பொய்யா படிக்கிறேன்? போ, தபால்காரன்கிட்டக் குடுத்துப் படிச்சுக்க. ஊரெல்லாம் தெரியட்டும்" என்று கத்தினேன்.

அவள் போகவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கவும் இல்லை. திரும்பப் போய் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். மூன்று வருஷம் கழித்துச் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் தெரியும், ராஜு. அன்றே தெரிந்துவிட்டது. யாரிடமாவது காட்டினால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்திருக்கும். ஆனால் மூத்த மகனுக்குப் படிக்கத் தெரியாது, மூப்பன் இத்தனை காலம் நடித்தான் என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்கும். நீ நோயாகக் கிடப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மானத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்தே வந்திருப்பாள்.

அவள் உன்னைக் கைவிடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள்.

சபையில் நான் சொன்னது எனக்குச் சொல்ல முடிந்த பாதி. அதற்கே நாற்பதாயிரம் பேர் அழுதார்கள். மீதிப் பாதிக்கு நீ ஒருவன் போதும்.

நான் கிறிஸ்துமஸுக்கு அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன். நீ வராதே. என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டால் எழுதாதே. அதுவும் எனக்குப் புரியும்.

கிருபாவரம்


விசாகப்பட்டினம்
13 டிசம்பர் 2022

அன்னய்யா,

படித்தேன். பத்மாவிடம் சொல்லவில்லை. நான் கடற்கரைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்ததைப் பார்த்து அவளே சோறு போட்டாள்.

அம்மாமேல் எனக்கு முப்பத்திரண்டு வருஷக் கோபம் இருந்தது. உன்மேல் இருந்ததைவிட அதிகம். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உன்மேலேயே சேர்த்து வைக்கலாம் என்று பார்த்தால், நீயும் இப்படி எழுதிவிட்டாய்.

நான் அங்கே வரமாட்டேன். நீ வா. 23ஆம் தேதி தெனாலியில் ரயில் ஏறு. யாரிடமும் சொல்லாதே. சண்டை பாக்கி இருப்பது உண்மைதான். இங்கே வைத்துக்கொள்ளலாம். கேமரா வைத்த போனை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷனில் இறங்கினால் பெரிய வாசலுக்கு வா. பெயர்ப்பலகையைப் படித்து இறங்கு. அடுத்தவனைக் கேட்டு இறங்காதே.

ராஜு


வெலகபாலெம்
3 ஜனவரி 2023

அன்புள்ள தம்பி ராஜுவுக்கும், மரதலு பத்மாவுக்கும் வந்தனாலு. நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

வரும் வழியில் எல்லா ஸ்டேஷனின் பெயரையும் படித்தேன். துனி, அன்னவரம், சாமர்லகோட்டா. சாமர்லகோட்டாவை முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. மீதியை எதிரே இருந்தவர் சொன்னார்.

பத்மா கொடுத்த காஜா இனிப்பு ஒன்றும் உடையவில்லை. "வாங்க பாவகாரு, செத்தவங்கள்லாம் எங்க வீட்டுல காப்பி குடிப்பாங்களா?" என்று அவள் கேட்டதை மார்த்தம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நீ இரண்டாம் நாள் காலையில் என்னைத் திட்டினாயே, பத்தரை மணி வரைக்கும், அதைச் சொல்லவில்லை. அது நம்மோடு இருக்கட்டும். நீ திட்டி முடித்துவிட்டு, "பசிக்குது அன்னய்யா" என்றாய் அல்லவா. அதைச் சொன்னேன்.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று மேடையில் இரண்டு நாற்காலி போட்டு, பூச்சுற்றி வைத்திருந்தார்களாம். இரண்டும் காலி. அய்யகாரு மனம் தளரவில்லை. கேமராவைப் பார்த்து, "அண்ணனும் தம்பியும் இன்னும் சந்திக்கல. பிசாசு தடுக்கிறான். அவங்க சந்திக்கிற வரைக்கும் நாம விடாம ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் குவைத்திலும் ராஜமண்ட்ரியிலும் இன்னும் எங்கெங்கோவும் நமக்காக ஜெபம் நடக்கிறது. ஒன்பதாயிரம் பேர் 'ஆமென்' என்று எழுதியிருக்கிறார்கள். புறாக்காரர்கூட எழுதியிருக்கிறார். அந்த மழைத் துண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க இனி என்னால் ஆகாது, ராஜு. என்னை மன்னிக்க வேண்டும்.

நான் உன்னிடம் வந்தது மார்த்தம்மாவுக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு வயிறு உப்புகிறது. மிளகாய் பறிப்பு முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நேற்று அய்யகாரு என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டார். மனிதர் இளைத்துவிட்டார், பாவம்.

"தாத்தா, உங்க ரெண்டு பேருக்காக உபவாசம் இருக்கேன். ஒன்பதாயிரம் பேரு ஜெபிக்கிறாங்க. எப்பத்தான் உங்க தம்பியப் பாக்கப்போறீங்க?"

அம்மாவிடமே பொய் படித்தவன் நான். இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன் என்று தீர்மானித்திருக்கிறேன். ஆகவே யோசித்துச் சொன்னேன்.

"ஜெபத்த நிறுத்த வேணாம் அய்யகாரு. நல்லா வேலை செய்யுது."

கிருபாவரம்